கோடைப் புத்தகமும் குளிர்கால உப்பும்

இலக்கிய நண்பர்கள் கூடுமிடங்களில் ராபர்ட் பிர்சிக்கின் ‘ஜென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்’ என்ற நூலின் பெயர் அடிக்கடி அடிபடுவதுண்டு. 1974-இல் வெளிவந்த அந்நூலைப் பற்றிப் பேசுவோர் ஜென்னைப் பற்றிப் பேசுவர். ‘தரம்’ என்னும் கருத்தைப் பற்றிப் பேசுவர். பிளேட்டோவையும் துணைக்கு இழுப்பர். மோட்டார் சைக்கிளைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. நாமும் இருபதாண்டுகளாக அவ்வாறே பேசிவந்தோம். சென்ற ஆண்டு பிப்ரவரியில் பர்மிங்காமிலிருந்து வந்த ஒரு தொலைபேசி அழைப்புக்குப் பிறகு அந்நூலை மீண்டும் எடுத்து, மோட்டார் சைக்கிளுக்காக மட்டும் படித்தோம். அதன் விளைவே இக்கட்டுரை.

அழைத்தவர், பல ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் மொழிப்பாடம் பயின்ற மாணவர். நுண்ணுயிரியல் பட்டதாரி. இப்போது அந்நகரில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் இரவுப்பணி பார்க்கிறார். பணி முடிந்து வெளியே வரும் நேரத்தில் அவர் குடியிருக்கும் பகுதிக்குப் பேருந்து கிடையாது. ஆகவே 125 சி.சி. பழைய வண்டி ஒன்றை வாங்கி, மழையானாலும் உறைபனியானாலும் அதிலேயே போய்வருகிறார். “ஐயா, நேற்று விடியற்காலையில் சிக்னலில் பிரேக் பிடித்தேன். பாதிதான் பிடித்தது. கோட்டைத் தாண்டிச் சந்திப்பின் நடுவில் போய்த்தான் வண்டி நின்றது. எதிரே ஒன்றும் வராததால் இன்று உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன்” என்றார்.

பட்டறையில் முன்சக்கரத்துப் பிரேக் காலிப்பரைக் கழற்றிப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு பிஸ்டன்களில் ஒன்று அசையவே இல்லை. அதைச் சுற்றிலும் வெண்ணிறப் பொருக்கு. மெக்கானிக் அதைச் சுரண்டிக் காட்டிவிட்டு, நவம்பரிலிருந்து இந்த வண்டியை எத்தனை முறை கழுவினாய் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். ஒருமுறைகூட இல்லை. நவம்பர் முதல் வாரத்திலேயே துருத்தடுப்புத் தெளிப்பான் ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கி, வண்டி முழுக்க அடித்துவிட்டு, வசந்தம் வரை கவலையில்லை என்று இருந்துவிட்டார் நம் மாணவர். “விலை உயர்ந்த சரக்கு ஐயா, அதனால் நம்பிவிட்டேன்” என்றார்.

இலக்கியம் பேசுமிடத்தில் பிரேக் காலிப்பருக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். மார்கழியிலும் மின்விசிறி சுழலும் ஊரில் இருந்துகொண்டு உறைபனிச் சாலையைப் பற்றிப் பேச நமக்கு என்ன தகுதி என்றும் கேட்கலாம். நியாயமான கேள்விகளே. ஆனால் பராமரிப்பு என்ற சொல்லை மேடைகளிலும் கட்டுரைகளிலும் மிகத் தாராளமாகச் செலவழிப்பவர்கள் நாம்தாம். மொழியைப் பராமரிக்க வேண்டும், சுவடிகளைப் பராமரிக்க வேண்டும், மரபைப் பராமரிக்க வேண்டும் என்கிறோம். அன்றாட உழைப்பாக மாறும்போது அச்சொல் என்னவாகிறது என்பதை அம்மாணவரின் பிரேக் நமக்குக் காட்டியது. ஒருமுறை விலைகொடுத்து வாங்கிப் பூசிவிட்டு மறந்துபோவதைப் பராமரிப்பு என்று சொல்ல நமக்கு மனமில்லை. உப்புச் சாலையில் ஓடும் வண்டிக்கு எந்தக் குப்பியையும்விடக் குளிர்ந்த தண்ணீரே முதல் காப்பு என்பது நம் கருத்து. காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

தூய நீர் 0 பாகை செல்சியஸில் உறைகிறது. உப்புக் கலந்த நீர் அதற்கும் கீழே சென்றால்தான் உறையும். நூற்றுக்கு 23 பங்கு உப்புள்ள கரைசல் ஏறத்தாழ -21 பாகை வரை தாக்குப்பிடிக்கும். (சாலையில் அவ்வளவு அடர்த்தி நிலைப்பதில்லை, ஆகவே -10 பாகைக்குக் கீழே சாதாரண உப்பால் பெரிய பயனில்லை.) அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷையர் மாநிலத்தில் 1938-இல் சோதனையாகத் தொடங்கிய வழக்கம், இரண்டாம் உலகப் போருக்குப் பின் குளிர்நாடுகள் பலவற்றிலும் பெருகிற்று. பிரிட்டனில் இந்த உப்பின் பெரும்பகுதி செஷையர் பகுதியிலுள்ள வின்ஸ்ஃபோர்டு என்ற ஊரின் நிலத்தடிச் சுரங்கத்திலிருந்து வருகிறது. 1844-இல் தொடங்கிய சுரங்கம் அது. களிமண் கலந்த செம்பழுப்பு உப்பு. உப்பளத்து வெண்மையை அதில் எதிர்பார்க்கக்கூடாது.

உறைபனி எச்சரிக்கை வந்த மாலையில் சதுர மீட்டருக்குச் சுமார் 10 கிராம் வீதம் லாரிகள் உப்பைத் தூவிச் செல்கின்றன. பனிப்பொழிவு எதிர்பார்க்கப்பட்டால் அது இருமடங்காகும், நான்கு மடங்கும் ஆகும். பத்து கிராம் என்பது இரண்டு தேக்கரண்டிதானே என்று தோன்றும். ஏழு மீட்டர் அகலமுள்ள சாலையில் ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு அது 70 கிலோ. ஒரு குளிர்காலத்தில் இப்படிப் பல இரவுகள். நல்ல மழை ஒன்று வந்து கழுவும் வரை அந்த உப்பு அங்கேயே கிடக்கும். வெயிலடித்துச் சாலை உலர்ந்த பின்னும் சாம்பல் பூத்தாற்போல் கிடந்து, சக்கரங்களின் பின்னே புழுதியாக எழும். பனி தெரியாத நாளில் உப்பும் இல்லை என்று நினைத்து வண்டியை எடுப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

இப்போது பிர்சிக்கிடம் வருவோம். அவருடைய நூலில் வாசகர் பலரும் நினைவில் வைத்திருக்கும் ஒரு காட்சி உண்டு. உடன்வரும் நண்பரின் விலையுயர்ந்த பி.எம்.டபிள்யூ வண்டியில் ஹேண்டில்பார் நழுவுகிறது. பழைய பீர் டப்பா ஒன்றிலிருந்து சிறு தகட்டை வெட்டி இடையில் செருகினால் சரியாகிவிடும் என்கிறார் கதைசொல்லி. நண்பர் முகம் சுளிக்கிறார். தம் வண்டிக்குப் பீர் டப்பாவா என்று அவருக்கு மனம் ஒப்பவில்லை. உலகை இருவேறு விதமாகப் பார்க்கும் இரண்டு மனங்கள் என்று இக்காட்சியை வைத்து எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். நாமும் வகுப்பில் அப்படித்தான் விளக்கியிருக்கிறோம். ஆனால் டப்பாத் தகடு ஏன் பொருத்தமானது என்பதற்குக் கதைசொல்லி ஒரு வேதியியல் காரணமும் சொல்கிறார்: அலுமினியத்தின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கிறது, அதுவே உலோகத்தை மேற்கொண்டு அரிக்கவிடாமல் காக்கிறது என்பது அக்காரணம்.

அது உண்மையே. அப்படலத்தின் கனம் மில்லிமீட்டரின் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கீறினால் அக்கணமே தானாக மூடிக்கொள்ளும். ஆனால் அந்தப் பயணம் நடப்பது ஜூலை மாதத்தில். அது புறப்படும் மின்னசோட்டா மாநிலமோ குளிர்காலத்தில் தன் சாலைகளுக்கு ஏராளமாக உப்பிடும் மாநிலம். உப்பிலுள்ள குளோரைடு அயனி துளைப்பது அந்தப் படலத்தைத்தான். துளை விழுந்த இடத்தில் அரிமானம் பக்கவாட்டில் பரவாமல் உள்நோக்கி இறங்குகிறது. குழிக்குள்ளே அமிலத்தன்மை ஏறுகிறது. ஏற ஏறக் குழி ஆழமாகிறது. மேலே பார்த்தால் ஊசிமுனை அளவு வெண்புள்ளி, உள்ளே பொந்து. துருப்பிடிக்காத எஃகு என்று பெயர் பெற்றதற்கும் இதே கதிதான்; அதன் மேலிருக்கும் குரோமியப் படலத்தையும் குளோரைடு விட்டுவைப்பதில்லை. சாதாரண இரும்பின் கதையைச் சொல்லவே வேண்டாம். அதற்கு அப்படியொரு படலமே கிடையாது.

இன்னொரு கேடு, இரண்டு உலோகங்கள் சேருமிடத்தில் நேர்வது. என்ஜினின் உறை அலுமினியம். அதில் இறங்கும் போல்ட் எஃகு. இடையில் உப்புநீர் புகுந்தால் அது ஒரு சிறு மின்கலம் ஆகிவிடுகிறது. எஃகு தப்பிக்க, அலுமினியம் கரைந்து வெண்பொடியாகிறது. அப்பொடி மரையை அடைத்துக்கொள்வதால், வசந்தத்தில் போல்ட்டைத் திருகுபவர் கையில் அதன் தலை மட்டும் வந்துசேரும். காரிலும் இவையெல்லாம் உண்டு. ஆனால் காரின் உறுப்புகள் தகட்டுக்குள் மறைந்திருக்கின்றன. மோட்டார் சைக்கிளோ எல்லாவற்றையும் வெளியே காட்டிக்கொண்டு ஓடுவது. முன்சக்கரம் வாரியடிக்கும் உப்புச்சேறு என்ஜினின் நெற்றியிலும், சூடான சைலன்சர் குழாய்களிலும், முன்ஃபோர்க்கின் பளபளப்பான தண்டுகளிலும் நேரே விழுகிறது. அத்தண்டில் ஒரு குழி விழுந்தால் போதும். ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் அது ஆயில் சீலை அறுக்கும். கசியும் எண்ணெய் வழிந்து சேருமிடம் பிரேக்.

உப்பின் மற்றொரு குணத்தைத்தான் நம் மாணவர் அறியாதிருந்தார். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சமையல் உப்பு தானாகவே நீரை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். இங்கிலாந்தின் குளிர்காலத்தில் காற்று பெரும்பாலும் அந்த அளவுக்கு மேலேயே இருக்கிறது. ஆகவே உப்புப் படிந்த வண்டி, நிறுத்தி வைத்திருக்கும்போதும் நனைந்துகொண்டே இருக்கிறது. வட அமெரிக்காவில் பல இடங்களில் தெளிக்கப்படும் மக்னீசியம் குளோரைடோ 33 விழுக்காட்டிலேயே கசியத் தொடங்கும். அது படிந்த வண்டி உலர்வதே அரிது. இத்தோடு, வெப்பம் ஏறினால் அரிமானமும் வேகம் பிடிக்கும். பாவம் குளிர்கிறதே என்று கழுவாத வண்டியைக் கதகதப்பான கொட்டகைக்குள் தள்ளுபவர், வெளியே நடுங்கவிட்டிருந்தால் மெல்ல நடந்திருக்கக்கூடியதை விரைந்து நடத்தி வைக்கிறார். வேலை முடிந்ததும் உப்பு தீர்ந்துபோய்விடுவதும் இல்லை. யாராவது கழுவி அகற்றும் வரை குளோரைடு அங்கேயே இருந்து தன் பணியைத் தொடரும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, நவம்பரில் வண்டியை உள்ளே வைத்துவிட்டு மார்ச்சில் எடுத்தால் போயிற்று என்று அறிவுரை சொல்வோர் பலர். பிரிட்டனில் வண்டியைச் சாலையில் ஓட்டவில்லை என்று முறைப்படி அறிவித்துவிட்டால் அக்காலத்துக்கு வாகன வரியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை உல்லாசத்துக்காக வண்டி வைத்திருப்பவருக்கு இது நல்ல அறிவுரையே. விரும்பியே குளிரில் போகிறவர்களும் உண்டு. ஜெர்மனியில் 1956-இல் தொடங்கி, இப்போது பவேரியக் காட்டில் கூடும் ‘யானைகள் சந்திப்பு’ என்னும் குளிர்கால மோட்டார் சைக்கிள் திருவிழாவுக்கு உறைபனியில் கூடாரமடிப்பதற்கென்றே ஆட்கள் போகிறார்கள். அவர்களுடைய உற்சாகத்தில் நமக்கு எந்தப் பிணக்கும் இல்லை. ஆனால் இரவு வேலைக்குப் போகிறவரும், மருத்துவமனைகளுக்கு ஊதியமின்றி இரத்தம் சுமந்து செல்லும் தன்னார்வ ஓட்டுநர்களும் வண்டியை எடுத்துவைக்க முடியாதவர்கள். பராமரிப்பைப் பற்றிய அறிவுரை அவர்களுக்குப் பயன்பட வேண்டும். ஓட்டாதே என்பதில் பராமரிப்பு எங்கே இருக்கிறது?

உப்பே வேண்டாம் என்று வாதிடும் வண்டிக்காரர்களையும் நம்மால் ஏற்க முடியவில்லை. உறைபனியில் முதலில் விழுபவர் இருசக்கர வண்டிக்காரர்தாம். 2000-ஆம் ஆண்டில் கிழக்கு சஸ்செக்ஸ் தொடர்பான ஒரு வழக்கில் பிரிட்டனின் பிரபுக்கள் சபை, 1980-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம் சாலையைச் செப்பமாக வைத்திருக்கும் கடமையைத்தான் விதிக்கிறது, உறைபனியை அகற்றும் கடமை அதில் அடங்காது என்று தீர்ப்பளித்தது. பனியில் சறுக்கிப் படுகாயமடைந்தவர் தோற்றார். பின்னர் 2003-இல் நாடாளுமன்றம் அச்சட்டத்தைத் திருத்தி, இயன்றவரை பனியால் பயணத்துக்கு இடர் நேராமல் பார்ப்பதும் கடமையே என்று சேர்த்தது. அக்கடமையின் வடிவம்தான் மாலையில் வரும் அந்த லாரி. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்ற நம் பழமொழி அங்குள்ள வண்டிக்காரருக்கு வேறு வகையில் பலிக்கிறது. வண்டி உள்ளளவும் அவர் நகராட்சியை நினைத்துக்கொண்டே இருப்பார்.

ஆயினும் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. பர்மிங்காமின் புகழ்பெற்ற ‘ஸ்பகெட்டி சந்திப்பு’ 1972-இல் திறக்கப்பட்டது. மேலே இட்ட உப்பு, இணைப்புகளின் வழியே கசிந்து கான்கிரீட்டுக்குள் இருக்கும் எஃகுக் கம்பிகளைத் தின்றதால், அப்பகுதியின் மேம்பாலங்களுக்குப் பல பத்தாண்டுகளாகப் பழுதுபார்ப்பு நடந்துவருகிறது. பாலத்துக்குப் பொதுப்பணம் இருக்கிறது, பொறியாளர்கள் இருக்கிறார்கள். அதே உப்பில் அப்பாலத்தின் வழியே போய்வரும் 125 சி.சி. வண்டிக்கு அதன் சொந்தக்காரர் மட்டுமே இருக்கிறார்.

அவர் என்ன செய்யலாம்? ஓட்டி முடித்த அன்றே, கூடுமானால் என்ஜின் ஆறியவுடன், தண்ணீரை ஊற்றிக் கழுவ வேண்டும். குளிர்ந்த நீரே போதும். சமையல் உப்பு வெந்நீரில் கரையும் அளவுக்கும் தண்ணீரில் கரையும் அளவுக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. வெப்பத்தால் வேகம் கூடுவது அரிமானத்துக்கே. நீரைப் பீய்ச்சியடிக்கும் இயந்திரத்தைச் சக்கர பேரிங்குகளின் பக்கமும் ஹேண்டிலின் கழுத்துப் பக்கமும் திருப்பக்கூடாது. அது உப்பைச் சீலுக்குள்ளே செலுத்திவிடும். மென்மையாக, நிறைய, கீழிருந்தும் பின்னிருந்தும் ஊற்ற வேண்டும். மட்கார்டின் உட்புறம், காலிப்பரின் முதுகு, செயினுக்கு அடியில் உள்ள இடுக்கு ஆகியவை கண்ணுக்குப் படாதவை. உப்பு தங்குவது அங்கேதான். தண்ணீர் உடனே உறைந்துபோகும் கடுங்குளிரானால் நண்பகல் வரை பொறுக்கலாம். அந்தக் குளிரில் அரிமானமும் மந்தமாகவே நடக்கும். பாத்திரம் துலக்கும் திரவத்தை ஊற்றுபவர்கள் ஒன்றை அறிவது நல்லது. அவற்றுள் பலவற்றில் கெட்டித்தன்மைக்காகச் சேர்க்கப்படுவது உப்பே.

கழுவியபின் ஈரத்தோடு பிளாஸ்டிக் உறையைப் போர்த்துவது கழுவாமலிருப்பதற்குச் சமம். காற்றோட்டம் வேண்டும். தெருக்கோடி வரை ஒருமுறை ஓட்டி, இரண்டு மூன்று தடவை பிரேக் பிடித்து உலர்த்தி நிறுத்த வேண்டும். செயினுக்கு எண்ணெயிட வேண்டும்.

தெளிப்பான்களை நாம் பழிக்கவில்லை. ஏ.சி.எஃப்-50 என்பது விமானங்களுக்காக உருவாக்கப்பட்டு மோட்டார் சைக்கிள்காரர்களிடம் வந்துசேர்ந்த எண்ணெய்; கழுவி நன்கு உலர்ந்த உலோகத்தின்மேல் மெல்லப் பரவி, ஈரத்தை விலக்கி நிற்கிறது. ஆட்டுரோமக் கொழுப்பிலிருந்து செய்யப்படுவனவும் உண்டு. வீட்டுக்கு வீடு இருக்கும் டபிள்யூ.டி-40 என்பதும் 1953-இல் அட்லஸ் ஏவுகணையின் மேற்பரப்பை ஈரத்திலிருந்து காக்கச் செய்யப்பட்டதே. எனினும் அதன் படலம் மெல்லியது, ஒரு குளிர்காலம் முழுவதற்கும் போதாது. இவற்றில் எதை அடித்தாலும் மேலே உப்பு வந்து விழத்தான் செய்யும். சோப்புப் போட்டுக் கழுவினால் உப்போடு படலமும் போகும். ஆகவே குளிர்காலத்தில் வெறும் நீரால் அடிக்கடி கழுவி, சோப்பு தொட்ட இடத்தில் மறுபடி எண்ணெயிட வேண்டும். பிரேக் டிஸ்க்கிலோ, பேடிலோ, டயரிலோ ஒரு துளியும் படக்கூடாது. துருவுக்கு அஞ்சி விபத்தை வாங்கியதாக ஆகிவிடும். உப்பு படிந்த பரப்பின்மேல் எண்ணெய் அடிப்பவர், உப்பைப் போர்வை போர்த்திப் பாதுகாக்கிறார். முதலில் கழுவ வேண்டும். அதன்பிறகே குப்பிக்கு வேலை.

பிரேக்குக்கோ எந்தக் குப்பியும் உதவாது. குளிர்காலத்தின் நடுவே ஒருமுறையேனும் காலிப்பரைக் கழற்றி, பிஸ்டன்களைச் சற்றே வெளித்தள்ளி, பிரேக் கிளீனரும் பழைய பல்துலக்கியும் கொண்டு சுற்றிலும் துடைத்த பிறகே உள்ளே தள்ள வேண்டும். அழுக்கோடு தள்ளினால் சீல் கிழியும். அது நகரும் ஊசிகளுக்கு ரப்பருக்கு ஒத்துப்போகும் சிலிக்கான் கிரீஸ்தான் இட வேண்டும். பெட்ரோலிய கிரீஸ் பட்டால் சீல் ஊதிப்போகும். இவ்வேலையைத் தாமே செய்யத் துணிவில்லாதவர் கூலி கொடுத்துச் செய்விக்கலாம். அதில் குறைவொன்றும் இல்லை.

பிர்சிக்கின் நூலில், பாட்டு ஒலிக்கும் ஒரு பட்டறையில் வண்டியை விட்டுக் கெடுத்துக்கொண்ட கதையும் வருகிறது. செய்யும் வேலையில் மனமில்லாத மெக்கானிக்குகளைப் பற்றிய அப்பகுதி இன்றும் சுடுகிறது. ஆனால் வண்டியைப் புரிந்துகொண்டால் பராமரிப்பு கைவந்துவிடும் என்ற ஒரு நம்பிக்கை அந்நூல் முழுக்க ஓடுகிறதாகவே நமக்குப் படுகிறது. கோடையில் அது போதும். பழுது நேரும், அறிவாளி அதை ஆராய்ந்து கண்டுபிடிப்பார், வண்டி மேலே ஓடும். உப்போடு நடக்கும் போரில் கண்டுபிடிக்க ஒன்றுமே இல்லை. செய்ய வேண்டியது முதல் நாளே தெரிந்துவிடும். அதை நூறாம் நாளும், இரவுப்பணி முடிந்து கைவிரல் மரத்துப்போன நிலையிலும், யாரும் பார்க்காதபோதும் செய்ய வேண்டியிருக்கிறது. அதை எழுதுவதற்குச் சுவையான விஷயமாக எந்த ஆசிரியரும் கருதமாட்டார் என்பது உண்மையே. பிர்சிக் ஓட்டிய அந்த ஹோண்டா இப்போது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் பராமரிப்பில் இருக்கிறது; அங்கே ஈரப்பதத்தைக் கவனிக்க ஆட்கள் இருப்பார்கள்.

நம் மாணவரின் குடியிருப்பில் கொட்டகையும் கிடையாது, வெளியே குழாயும் கிடையாது. இரண்டாம் மாடியிலிருந்து செடிக்கு ஊற்றும் பூவாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு இறங்குகிறார்; ஒரு கழுவலுக்கு மூன்று நடை. இந்தக் குளிர்காலத்தில் எத்தனை முறை என்று கேட்டோம். எண்ணவில்லை என்றார். மார்ச் தொடக்கத்தில் அதே மெக்கானிக் காலிப்பரைத் திறந்தபோது பிஸ்டன்கள் இரண்டும் விரலால் தள்ளவே உள்ளே போயினவாம். நாம் அனுப்பிவைத்த பிர்சிக்கை மட்டும் இன்னும் பிரிக்கவில்லை. உப்பு லாரி வருவது நிற்கட்டும் ஐயா, ஏப்ரலில் படிக்கிறேன் என்கிறார்.